நட்சத்திரத்துக்கு ஆசிரியர் நாற்காலியா?

தாம் நடத்திய நடிப்புப் பள்ளியின் முன்னாள் மாணவிகள் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள, 2021-இல் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் பிராங்கோ தரப்பு 22,35,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டுகளை அந்தத் தரப்பு கடைசிவரை மறுத்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வானொலிப் பேட்டியில், பாடம் நடத்திய காலத்தில் மாணவிகளுடன் உடலுறவு வைத்திருந்ததையும், அது தவறு என்பதையும் பிராங்கோவே ஒப்புக்கொண்டார்.

இதை ஒரு நடிகரின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவரை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது எது? புகழும் அதன் பின்னால் வந்த பணமும்தான். அந்த இரண்டையும் ஆசிரியத் தகுதியாகக் கொள்வது அறம் ஆகாது.

பிராங்கோவின் பாதை சாதாரணமானதல்ல. நடிப்புக்காக லாஸ் ஏஞ்சலீஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 1999-இல் ‘ஃபிரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் முகம் தெரிந்தது. தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோனாலும் அவர் நிற்கவில்லை. நடிகர் ஜேம்ஸ் டீனாக நடித்த தொலைக்காட்சிப் படத்துக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. பிறகு ‘ஸ்பைடர்மேன்’ வரிசை, ‘127 ஹவர்ஸ்’ படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை. நடுவே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி 2008-இல் பட்டம் வாங்கினார். அத்தோடு விடவில்லை, கொலம்பியா, நியூயார்க் பல்கலைக்கழகம் என்று ஒரே நேரத்தில் பல மேற்படிப்புகளில் சேர்ந்தார், யேலில் முனைவர் படிப்பிலும் சேர்ந்தார். நியூயார்க்கில் பிராங்கோ 14 வகுப்புகளில் 12-க்கு வரவில்லை என்று ‘டி’ மதிப்பெண் போட்டதால் தன் வேலையே போனதாக ஒரு பேராசிரியர் வழக்குப் போட்டார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. எது உண்மையோ, அதே பல்கலைக்கழகத்தில்தான் பிராங்கோ பாடமும் எடுத்தார்.

2014-இல் ‘ஸ்டுடியோ 4’ என்ற சொந்த நடிப்புப் பள்ளியைத் தொடங்கினார். 2017-இல் அது மூடப்பட்டது. பாலியல் காட்சிகளில் நடிப்பதற்கென்றே தனிக் கட்டணத்தில் ஒரு வகுப்பு அங்கே நடந்தது. பிராங்கோவின் படங்களில் வாய்ப்புக் கிடைக்கும் என்ற ஆசையைக் காட்டி மாணவிகளை எல்லை மீற வைத்தார்கள் என்பது வழக்கு மனுவின் சாரம். ஒரு மாணவியின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். பாடம் நடத்துபவரும் அவரே, படத்தில் வேடம் கொடுப்பவரும் அவரே, நாளை ஊரெல்லாம் சிபாரிசு செய்யக்கூடியவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

நம் முன்னோர் இந்த ஆபத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். மாணவனுக்கு இலக்கணம் சொல்லும் முன்பே ஆசிரியனுக்கு இலக்கணம் சொன்னது பவணந்தியாரின் நன்னூல். அதோடு நிறுத்தாமல், யாரெல்லாம் ஆசிரியர் ஆகத் தகாதவர் என்று தனியாகவே ஒரு பட்டியல் போட்டது. பாடம் சொல்லும் திறன் இல்லாதவன், இழிகுணம் உள்ளவன், பொறாமைக்காரன், பேராசைக்காரன், வஞ்சகன், கேட்பவர் அஞ்சும்படி பேசுபவன் என்று அது நீள்கிறது. இந்த ஆறில் ஒன்றுதான் திறமை பற்றியது. மற்றவை எல்லாம் குணம் பற்றியவை. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவனைப் பொறுப்பில் அமர்த்துமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கு வழிகளிலும் சோதிக்கச் சொல்கிறார் வள்ளுவர். இன்பத்தையும் அந்தச் சோதனையில் சேர்த்த அவருடைய கூர்மையைக் கவனிக்க வேண்டும். பாரதத்திலும் பாடம் இருக்கிறது. வில்வித்தையில் துரோணருக்கு நிகர் யார்? ஆனாலும் தாம் சொல்லியே கொடுக்காத ஏகலைவனிடம் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டார்; அவனும் மறுபேச்சின்றி அறுத்துக் கொடுத்தான். குருவிடம் வைக்கும் பக்தி அத்தனை வலிமையானது. பொருள் கொடுத்தும் பணிந்தும் கற்கச் சொல்கிறது புறநானூறு. அப்படிப் பணிந்து நிற்பவரிடம் ஆசிரியர் எதையும் கேட்டுவிட முடியும். கேட்காமல் இருப்பதுதான் அவருடைய அறம்.

அனுபவசாலிகள் வகுப்புக்கே வரக்கூடாது என்பதல்ல வாதம். நியூயார்க்கில் பிராங்கோவின் வகுப்பில் படித்த 12 மாணவர்கள் சேர்ந்து இயக்கிய ‘தி கலர் ஆஃப் டைம்’ படத்தில் மிலா குனிஸும் ஜெசிகா சாஸ்டெய்னும் நடித்தார்கள். இப்படியொரு வாய்ப்பை எந்தப் பாடநூலும் தந்துவிடாது. ‘ரோபோகாப்’ நாயகன் பீட்டர் வெல்லரோ, அறுபது வயதைத் தாண்டியும் மாணவராக உட்கார்ந்து, 2014-இல் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். புகழ் இருந்தும் அவர் படித்தே பட்டம் பெற்றார்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவிக்கு வழி திறந்தது. முனைவர் பட்டம் தேவையில்லை. துறையில் 15 ஆண்டு அனுபவம் போதும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நிரப்பலாம். தொழில் நிறுவனங்களே சம்பளச் செலவை ஏற்கவும் இடமுண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் விளம்பரத்துக்கு ஆசைப்படும் தனியார் கல்லூரி ஒன்று, பெரிய பெயர் கிடைத்தால் போதும் என்று கதவைத் திறந்துவிட்டால் யார் தடுப்பது?

அதனால் கல்லூரிகள் நியமன ஆணையைக் கொடுப்பதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். சிறப்புப் பேராசிரியர் தன் மாணவருக்கு வேலையோ வேடமோ தரும் இடத்திலும் இருந்தால், மதிப்பெண் போடும் பொறுப்பு வேறொருவரிடம் போக வேண்டும். அவர் மீதான புகாரை அவரால் ஆதாயம் பெறாத வெளியாள் விசாரிக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், மேடையில் மாலை போட்டு மரியாதையாக அனுப்பி வையுங்கள். வகுப்பறைச் சாவியைக் கொடுக்காதீர்கள்.