வழக்காட வந்த இறைவன்

உயர்நீதிமன்றத்து விவகாரம் ஒன்றைச் சாமானிய ஜனங்களுக்கு விளங்கும்படியும் அவர்கள் ரசிக்கும்படியும் எடுத்துச் சொல்வது தர்மந்தானா, அல்லது அது நியாயத்தின் கௌரவத்தைக் கதைச் சுவைக்குப் பலியிடும் காரியமா என்ற கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்து வருகிறது. சட்டம் கற்ற நண்பர்கள் பலர் இரண்டாவது பக்ஷத்தையே சாதிக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வழக்கு ஒன்றைச் சுவைபடச் சொல்வதைப் பக்திக்கே வாயிலாக ஆக்கிக்கொண்ட பரம்பரையில் பிறந்தவர்கள் நாம்.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாறு ஆதியோடந்தமாக ஒரு வியாஜ்யந்தான். புத்தூரில் மணப்பந்தலில் கிழவேதியராக வந்து நின்ற சிவபெருமான், மணமகன் தமக்கு அடிமையென்று அவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலை தம்மிடம் இருப்பதாகச் சொல்ல, சுந்தரராகிய நம்பியாரூரர் சினந்து அதைப் பறித்துக் கிழித்தெறிய, கிழிந்தது படியோலைதான், மூலவோலை வேறே பத்திரமாக இருக்கிறதென்று கிழவர் தெரிவிக்க, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைகிறது. அனுபோகம், ஆவணம், சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் உரிமையை ருசுப்படுத்த வேண்டும் என்கிறார்கள் அவையோர். மூலவோலையை வாங்கி வாசிக்கச் செய்கிறார்கள். பாட்டனாருடைய வேறொரு கையெழுத்தை வரவழைத்து இரண்டையும் ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த நடைமுறையில் எதையும், கேட்பவருக்கு விளங்காது என்று சேக்கிழார் தள்ளிவிடவில்லை. கோயில் மண்டபத்தில் இக்கதையைக் கேட்கும் எழுத்தறியாத மூதாட்டிக்கும் படி எது, மூலம் எது என்ற பேதம் தானே விளங்கிவிடுகிறது. ஓலை கிழிபடும்போது பதறுகிறவள், கிழிந்தது படிதான் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறாள். சுவை வழக்கினுள்ளேயே இருந்தது. புலவர் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை.

வெளியிலிருந்து சேர்க்கும் சுவை எவ்வளவு கொடியது என்பதற்கு பத்திரிகைக்காரர் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கே போதும். சினிமா நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அதில் சிறைப்பட்டதை ஊரெல்லாம் பேசிற்று; 1947-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது எந்த நியாயத்தின்மேல் என்று சொல்லக்கூடியவர்கள் சொற்பமே. வம்பு வளர்ந்த இடத்தில் வழக்கு மறைந்துபோயிற்று.

நான் சொல்ல வந்தது வேறொரு வழக்கு. சேக்கிழார் வாழ்ந்த அதே 12-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுப் பத்தூரில் எழுந்த விசுவநாதசுவாமி கோயில் காலக்கிரமத்தில் பாழடைந்து கிடந்தது. 1976-இல் ஒரு கூலியாள் அங்கே மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட நடராஜத் திருமேனி, பல கை மாறிக் கடல் கடந்து, 1982-இல் பொய்யான பூர்வோத்தரத்தோடு கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றுக்கு 2,50,000 பவுனுக்கு விற்கப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அது இருந்தபோது லண்டன் போலீசார் கைப்பற்ற, கம்பெனி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எதிரே உரிமை கோரி நின்றவர்களுள் இந்திய அரசும் தமிழக அரசும் பத்தூர்க் கோயிலும் மட்டுமல்ல, அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒரு கக்ஷியாக இருந்தது. தொல்பொருள் அறிஞர் நாகசாமி சிற்ப லக்ஷணங்களைக் குறித்துச் சாட்சி சொன்னார். விக்கிரகத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் ஊர்ந்த தடத்தையும்கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். ஓலையோடு ஓலையை ஒப்பு நோக்கிய வெண்ணெய்நல்லூர் அவையாரே லண்டனில் மறுபடி கூடியதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழக்கை ஒருநாள் மாலை, எங்கள் தெருவில் திண்ணையிலிருந்து கதம்பம் தொடுத்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த அம்மாள் ஒருவருக்குச் சொன்னேன். கல்லால் ஆன லிங்கம் எப்படிக் கக்ஷிக்காரராக முடியும் என்பதில்தான் மேல்நாட்டுச் சட்டம் திகைத்து நின்றது. நம் நாட்டுச் சட்டமோ தெய்வத்தைச் சொத்துரிமையுள்ள ஓர் ஆளாக ஏற்று, ஆனால் மைனர் குழந்தையைப் போல் பாவித்து, அதன் சார்பில் பேச ஒருவரை வேண்டுகிறது. சகல லோகங்களையும் பரிபாலிப்பவனுக்கு ஒரு பரிபாலகர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சம் உருகும். இதை எப்படி விளக்கப் போகிறோம் என்று நான் தயங்கிய இடத்தில் அம்மாளுக்குத் தயக்கமே இல்லை. “சாமி சொத்தைச் சாமி கேக்காம வேற யாருப்பா கேப்பாங்க?” என்றார். பிறகு கையிலிருந்த நாரை மடியில் வைத்துவிட்டு, “அத்தனை வருஷமா விளக்கேத்த ஒரு ஆள் இல்லேங்கறியே, அப்பவும் அது கோயில்தானா?” என்று கேட்டார்.

நான் சற்று நேரம் பேசவில்லை. நியாயாதிபதி கென்னடி 1988-இல் தம் தீர்ப்பில் விடை கண்ட கேள்விகளுள் ஒன்று சாராம்சத்தில் இதுவேயாகும். நிலமும் பொருளும் தந்து கோயிலெடுத்த அந்தப் பழங்காலத்து மனிதரின் தர்ம சங்கற்பம் அழியாமல் இன்றும் நிலைத்திருக்கிறது, அது அந்தச் சிவலிங்கத்தில் உருக்கொண்டு நிற்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 1991-இல் அப்பீல் கோர்ட்டு, தன் நாட்டுச் சட்டப்படி வழக்காடும் தகுதியுள்ள கோயிலுக்கு ஆங்கில நாட்டிலும் அத்தகுதி உண்டென்று ஏற்றுக் கம்பெனியின் அப்பீலைத் தள்ளிற்று. பூத் தொடுக்கிறவரின் கேள்வியும் லண்டன் நியாயாதிபதியின் விசாரமும் ஓரிடத்தில் சந்தித்ததைக் கண்ட பிறகு, எளிமையாகச் சொல்வது என்றால் குறைத்துச் சொல்வது என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றது.

அப்பீல் தள்ளப்பட்ட அந்த ஆண்டே நடராஜர் தாயகம் வந்து சேர்ந்தார். ஆனால் களவுக்கு அஞ்சி, பத்தூரில் அல்லாமல், திருவாரூரிலுள்ள பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். அதையும் அம்மாளிடம் சொன்னேன். அவர் தொடுத்த சரத்தை வாழையிலையில் சுற்றிக்கொண்டே, “அங்கே விளக்கேத்தறாங்களா?” என்று கேட்டார்.