காட்டக் காணும் கண்

மாதத்தில் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் வருகிறேன். மற்ற நாளெல்லாம் கோவை கணபதியில் லேத் பட்டறை. 57 வயதுக்கு மேல் எனக்கு எதற்கு சாத்திரம் என்று வீட்டில் கேட்டார்கள். போன மாதம் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் நடந்தபோது, எனக்கே காரணம் புரிந்தது.

திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நூல் அது. மொத்தமே 12 சூத்திரம். எட்டாவதில் ஓர் உவமை வருகிறது. அரசனுடைய பிள்ளை சின்ன வயதிலேயே வேடர் கையில் அகப்பட்டு, வேடரோடு வேடனாக வளர்கிறான். தான் யார் என்பது அவனுக்கு மறந்தே போகிறது. மெய்கண்டாருடைய மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இதை விரிக்கிறார். அரசனே தேடி வந்து, நீ என் மகன் என்று சொல்லி வேடரிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போகிறான். வேடர் என்பது ஐம்புலன். வந்து சொல்பவர் குரு. குருவாக வருவதும் இறைவனே.

வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சாக்பீஸ் ஞாபகம் வந்தது.

1981. எட்டாம் வகுப்பு. அதற்கு முந்தின வருடம் ஒரு வாத்தியார் என் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "உனக்கெல்லாம் கணக்கு ஏறாதுடா, பட்டறைக்கே போயிரு" என்றார். நானும் அதை நம்பிவிட்டேன். பிள்ளைகள் நம்புவார்கள். பெரியவர் சொன்னால் அதுதான் சத்தியம். பள்ளி விட்டதும் அத்திப்பாளையம் பிரிவுப் பக்கம் மாமன் பட்டறைக்குப் போய்விடுவேன். மோட்டார் சாஃப்ட் கடைவதைப் பார்ப்பதும், கடைந்த ஜாப்பை அளவு பார்த்து மாமனிடம் சொல்வதும்தான் என் வேலை.

எட்டாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஒருநாள் 10.28-இல் 8.9-ஐக் கழிக்கச் சொல்லி என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். எட்டுக்கு நேர் கீழே ஒன்பதை எழுதிவிட்டு நின்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ஆயில் கறுப்பு.

"எங்க கண்ணு வேலைக்குப் போறே?"

"மாமன் பட்டறைக்குங்க டீச்சர்."

"அங்க என்ன பண்ணுவே?"

"அளவு பாப்பனுங்க. வெர்னியர்ல."

அதை நாளைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மாமன் அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார். டீச்சர் கேட்டார் என்றதும் பனியன் துணியில் சுற்றி, கீழே போட்டால் வீட்டுக்கு வராதே என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் டீச்சர் ஒரு சாக்பீஸை நீட்டினார். தடித்த முனையில் வைத்தேன். 10 தாண்டி, பதினான்காவது கோடு நேர் சேர்ந்தது. ஒரு கோட்டுக்கு 0.02. "10.28-ங்க." மெல்லிய முனையில் 8 தாண்டி நாற்பத்தைந்தாவது கோடு. "8.90-ங்க." எவ்வளவு வித்தியாசம் என்றார். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது: "1.38-ங்க." பட்டறையில் தினமும் இதைத்தானே செய்கிறேன். முந்தின நாள் கரும்பலகையில் நான் தடுமாறிய அதே கணக்கு அது. கேள்விக்குப் பொருத்தமாக இரண்டு முனையும் அமைகிற சாக்பீஸை அவர் ஒரு பெட்டி முழுக்கத் தேடியிருக்க வேண்டும். இல்லை, முதலில் அளந்துவிட்டுத்தான் கேள்வியையே எழுதினாரோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

சபாஷ் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "இதுக்குப் பேருதான் தசமக் கழித்தல். உனக்கு இது முந்தியே தெரியும்" என்றார். அவ்வளவுதான். எட்டாம் சூத்திரம் நடந்தபோது என் காதில் விழுந்தது அந்தக் குரல்தான்.

சித்தாந்தத்தில் உயிரைக் காட்டக் காணும் இயல்புடையது என்பார்கள். கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு, ஆனால் இருட்டில் தானாகப் பார்க்காது. விளக்கு வந்து கண்ணுக்குள் பார்வையை ஊற்றுவதில்லை, மறைப்பை நீக்குகிறது. தன்னம்பிக்கையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒருவர் ஊட்டி இன்னொருவருக்கு வருவதில்லை. உன்னால் முடியும், முடியும் என்று நூறு தடவை சொன்னால் பையன் தலையாட்டுவான், உள்ளே நம்ப மாட்டான். ஏற்கெனவே அவன் கையில் இருக்கும் ஒன்றை எடுத்து அவன் கண்ணுக்கே காட்ட வேண்டும். அதற்கு முதலில் அவன் நகத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சில பெயர்களைக் கொடுத்தார்கள். உண்மையில் அவை குருட்டாம்போக்கில் எடுத்த பெயர்கள். ஆனாலும் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள் என்றது அந்த ஆய்வு. அந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்று பிறகு பெரிய வாதம் நடந்தது. எனக்கு உறுத்துவது வேறு. அங்கே நம்பிக்கை ஒரு பொய்யில் பிறந்தது. அரசன் வந்து சொன்னது பொய்யில்லை. டீச்சர் என்னிடம் சொன்னதும் பொய்யில்லை. 1.38 என்பது 1.38-தான், வெர்னியரே சாட்சி.

வகுப்பில் ஒன்று கேட்டேன். தவத்தினால்தான் குரு வந்து உணர்த்துகிறார் என்கிறதே சூத்திரம், அப்படியானால் குரு வராத பிள்ளை தவம் செய்யாத பிள்ளையா? பக்குவம் வந்தால் குரு தானே வருவார் என்று வகுப்பு எடுக்கும் ஐயா பொறுமையாக விளக்கினார். முத்தி விஷயத்தில் அதற்கு நான் தலை வணங்குகிறேன். பள்ளிக்கூடத்து விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பக்குவத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது தகாது. பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னம், கிளி, எருமை, ஓட்டைக்குடம் என்றெல்லாம் பிரித்தார். ஆசிரியரையும் அவர் விடவில்லை. பஞ்சை அடைத்த குண்டிகையும் நெருங்க விடாத மடற்பனையும் ஆகாத ஆசிரியருக்கு அவர் சொன்ன உவமைகள். அந்தப் பாதியை நாம் அதிகம் படிக்க வேண்டும்.

அந்த வருடம் கணக்கில் அரையாண்டில் 19 வாங்கினேன். முழுப்பரீட்சையில் 41. பெரிய மார்க் இல்லை. பிறகு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன், இன்று பட்டறையில் இரண்டு சி.என்.சி. ஓடுகிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதே அரையாண்டில் 22, என்னைவிட மூன்று கூட. அவன் அப்பா பவுண்டரியில் இருந்தார், பள்ளி விட்டதும் அவனும் அங்கே போவான். டீச்சர் அவனையும் விசாரிக்க ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டதை நானே பார்த்தேன். தை பிறப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

வார்ப்பு வாங்க இப்போதும் அவன் வேலை செய்யும் பவுண்டரிக்குத்தான் போகிறேன். உருகின இரும்பை எட்டிப் பார்த்து, நிறத்தை வைத்தே "இன்னொரு நிமிசம்" என்பான். சூடு காட்டும் மீட்டர் அங்கே சுவரில் தொங்குகிறது. இருந்தும் அவன் கையை உயர்த்தின பிறகுதான் ஊற்றுகிறார்கள். படிப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும், "நமக்கு அதெல்லாம் ஏறாதுங்க" என்று தள்ளிப் போய் நின்றுகொள்கிறான்.