கேசியின் விசில்

அமெரிக்காவின் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர் ஜான் லூதர் ஜோன்ஸ். ஊருக்கெல்லாம் கேசி. ஆளும் உயரம், குறும்பும் அதிகம். நீராவி விசிலைப் பறவை கூவுவதுபோல் இழுத்து ஊதுவார். நடுராத்திரியில் புரண்டு படுப்பவர்களுக்கும் போவது யார் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் மனைவி ஜேனி, மூன்று பிள்ளைகள். 1900 ஏப்ரல் 30 அதிகாலை, தாமதத்தை ஈடுகட்ட விரட்டி வந்த அவர் வண்டிக்கு எதிரே, மிசிசிப்பியின் வான் என்ற ஊரில், ஒரு சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிகள் நின்றன. ஃபயர்மேன் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டு, இவர் பிரேக்கை விடவில்லை. செத்தது அவர் ஒருவர்தான்.

தவறு கேசியுடையதே என்றது கம்பெனி அறிக்கை. இருக்கலாம்; ஆனால் பயணிகள் பிழைத்தது அந்தக் கடைசி நொடிகளால்தான்.

எஞ்சின் துடைக்கும் தொழிலாளி வாலஸ் சாண்டர்ஸ், நண்பனுக்காகப் பாட்டுக் கட்டினார். அது மேடைக்குப் போனபோது, ஜேனிக்கு வேறொருவர் உண்டு என்று யாரோ ஒரு வரியைச் செருகிவிட்டார்கள். சிரிப்புக்காகத்தான்! 1958இல் இறக்கும்வரை ஜேனி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வரியை மறுத்துக்கொண்டே இருந்தார். பாட்டைக் கேட்க நேர்ந்தால் ரசியுங்கள், அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள்.