பழகிடுச்சு சார்!

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மனைவியோடு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பட்டு செக்‌ஷன். எங்களுக்கு நாற்காலி போட்டார்கள், காபி வந்தது. புடவை காட்டியவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்றபடியே நாற்பது புடவையாவது பிரித்துக் காட்டியிருப்பார். (கடைசியில் நாங்கள் எடுத்தது ஒரே ஒரு காட்டன் புடவை என்பது தனிக் கதை.)

மனசு கேட்காமல், "கால் வலிக்கலையாண்ணே?" என்றேன்.

"இருபத்திரண்டு வருஷமாச்சு. பழகிடுச்சு சார்" என்று சிரித்தார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுக்க அவர் உட்கார்ந்து எழுந்தபோதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு, புடைத்துக்கொண்டு நின்றன.

காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி அதை அமுக்கி மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் பம்ப் வேலை செய்யாது, ரத்தம் தேங்கும். வருஷக் கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துபோகலாம். வெரிகோஸ் வெயின் என்கிறார்களே, அது.

ஆக, அவர் மனசுக்குப் பழகிவிட்டது. காலுக்குப் பழகவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று யாரைக் கேட்பது? அவரையா, அவர் காலையா?

உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்னப் படிவம் வைத்திருக்கிறார்கள். ஐந்தே கேள்விகள்தான். நடக்க முடிகிறதா, குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா, வலி இருக்கிறதா, மனக்கவலை இருக்கிறதா? கடைசியில், இன்றைக்கு உங்கள் உடம்புக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போட வேண்டும். நம் கடைக்காரர் எண்பதுக்குக் குறையாமல் போடுவார் என்பது என் யூகம்.

இதில் உள்ள சிக்கலை அமர்த்தியா சென் 2002-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். ஆயுள் அதிகமான கேரளத்தில்தான் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்பவர்களும் அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. பீகாரிகள் கேரளத்தவர்களைவிட ஆரோக்கியம் என்றா அர்த்தம்? படிப்பும் ஆஸ்பத்திரியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான், இது நோய், இதைச் சரிசெய்ய முடியும் என்றே ஒருவருக்குத் தெரிகிறது. தெரியாதவர் வலியை வாழ்க்கை என்று எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் 'நல்லாயிருக்கேன்' என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாதா?

அங்கேதான் என் அத்தை குறுக்கே வருகிறாள். எழுபத்தெட்டு வயசு. சுகர், பிரஷர், இரண்டு முழங்காலும் தேய்மானம். "எனக்கென்னடா, ராஜாத்தி மாதிரி இருக்கேன்" என்பாள். குனிய முடியாததால், வாசல் நிறைய போட்ட கோலத்தை, நாலு புள்ளிக் கோலமாகச் சுருக்கிக்கொண்டாள். ரிப்போர்ட்டைக் காட்டி, "இல்லை அத்தை, நீ நல்லா இல்லை" என்று சொல்ல நான் யார்? அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?

இரண்டு பேரும் பழகிக்கொண்டவர்கள்தான். ஆனால், அத்தையின் மூட்டைத் தேய்த்தது வயசு. எவ்வளவு பெரிய கோலம் என்று முடிவு செய்தவள் அவளே. கடைக்காரரை நிற்க வைத்தது இன்னொருவர் போட்ட விதி. அதை ஒரு முக்காலியால் மாற்றிவிடலாம். மாற்ற முடியாததற்குப் பழகினால் அது பக்குவம். மாற்ற முடிவதற்கு ஒருவரைப் பழக்கிவிட்டு, 'அவரே நல்லாயிருக்கேன்னு சொல்றாரே' என்று நாம் நிம்மதியடைந்தால், அதற்கு வேறு பெயர்.

சட்டத்துக்கு இது புரிந்துவிட்டது. கேரளத்தில் விற்பனைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு, 2018-ல் கடை ஊழியர்கள் உட்கார உரிமை தந்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. கடையில் ஊழியர்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும்.

கிளம்பும் முன் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஸ்டூல் இருக்கு சார். உட்கார்ந்திருந்தா, வர்ற கஸ்டமர் மரியாதை இல்லைன்னு நினைப்பாங்க" என்றார்.

யார் அந்த கஸ்டமர்? நானும் நீங்களும்தான்.

ஸ்டூலைத் தேடினேன். மூலையில் இருந்தது. நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய புடவைகள் அதன்மேல் அடுக்கியிருந்தன. அடுத்த முறை கடைக்குப் போனால், புடவையைத் தொடும் முன்பு, "முதல்ல நீங்க உட்காருங்கண்ணே" என்று சொல்வதாக இருக்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டால், இத்தனை வருஷமாகப் பழகவே இல்லை என்று அர்த்தம்.