யார் உபயம்?

எங்க காலனிப் பள்ளிக்கூடத்துக்குப் போன வருசம் நூற்றாண்டு விழா. கிழடுகட்டைகள் இன்னமும் அதை 'லேபர் ஸ்கூல்' என்றுதான் சொல்கின்றன. லேபர் டிபார்ட்மெண்ட் 1920களில் நமக்கென்று திறந்த பள்ளிகளில் ஒன்று. இன்று பலகையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பள்ளிக்கு உதவியவர்களைக் கௌரவிக்கப் போகிறோம், எம்.ஏ. தமிழ் படிச்சவன் நீதான் வாழ்த்துமடல் எழுதணும் என்றார்கள். பட்டியலில் முதல் பெயர் ஊர்த்தெருப் பண்ணையின் பேரன். வாசல் கல்வெட்டில் அவர் தாத்தா பெயர் இருக்கிறது: இந்த நிலம் இன்னார் உபயம்.

எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

அந்த நிலத்தைப் பற்றி எங்க தாத்தா சொல்லுவார். "அது நம்ம டிசி நெலம்டா. ரெண்டு மூட்டை நெல்லுக் கடனுக்கு எங்கப்பன் ரேகை வச்சிட்டு வந்தான்." 1892 அரசாணைப்படி பஞ்சமருக்கென்று ஒதுக்கிய நிலம் பிற சாதிக்காரன் கைக்குப் போகக் கூடாது. போனது. இந்தக் கதை உங்க ஊரிலும் இருக்கும். தாத்தா சொன்னதுக்கு என்னிடம் காகிதம் இல்லை. காகிதம் எப்போதும் அவர்கள் வீட்டுப் பெட்டியில்தான்.

பறித்த கை திருப்பிக் கொடுத்தால் அது கொடையா? செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை வகுப்பில் வரிவரியாக நடத்தினார்கள். வாங்கியவன் எப்படி நடக்கணும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். செய்தவன் யார் என்று தீர்மானிப்பது யார்? அந்தக் கேள்வி வரவே இல்லை.

தலைமையாசிரியர் நம்மாள்தான். "தம்பி, அவங்க இடம் உடலன்னா உனக்கு எம்.ஏ. ஏது?" என்றார். சுருக்கென்றது. பறித்ததை முழுசாக வைத்துக்கொண்ட பண்ணைகள் இருக்கிற வட்டாரத்தில் இவர் ஒரு துண்டையாவது விட்டார். அந்த மண்ணில்தான் நான் 'அ' எழுதினேன். விட்டதற்கு ஒரு சொல் வேண்டும்தான். அது உபயம் இல்லை.

கொடுப்பவர்களையே மதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுரை கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மா, இறந்துபோன மகள் நினைவாகத் தன் 1.52 ஏக்கரை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு நாளில் அரசு அவருக்கு விருது தந்தது. அவருக்கு மடல் எழுதச் சொன்னால் ஒரே மூச்சில் எழுதியிருப்பேன்.

எங்க பள்ளியை உண்மையில் தாங்கியது யார்? 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. பள்ளி ஓடு பறந்தது, எங்க குடிசைகளும் போச்சு. முந்திரி விழுந்து கூலியும் இல்லை. அப்பவும் சனங்க சாய்ந்து கிடந்த தென்னை ஓலையைப் பின்னி, தன் வீட்டுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை போட்டார்கள். அந்தக் கீற்றில் எவனும் உபயம் என்று எழுதவில்லை. (நம்மூரில் டியூப்லைட்டில்கூட எழுதுவார்கள், வெளிச்சம் வராத அளவுக்கு.)

குழாய் வராத காலத்தில் பள்ளிக்குத் தண்ணீர் சுமந்தது என் பெரியம்மா. நம்ம கை பட்டதை வாங்க மறுக்கிற ஊர்களும் உண்டு. 2018ல் அவிநாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தது நினைவிருக்கும்.

பெரியம்மா பெயரையும் கல்லில் வெட்டச் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டேன். "பேரு எதுக்குடா? பண்ணைக்கு சொமந்தன், அது வெட்டி. இது எம் புள்ளைங்க குடிச்ச தண்ணி" என்றார். அந்த வித்தியாசத்துக்கு முன்னால் என் படிப்பு வாயடைத்து நின்றது. சால்வை போர்த்தினால் அதையும் உபயக் கணக்கில் சேர்த்துவிடுவோமோ? ஆனால் பெயரில்லாமல் உழைத்துப் பழகிய வாய்தானே வேண்டாம் என்கிறது என்றும் தோன்றுகிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியில், கொட்டகை போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பெயர்களை வீடுவீடாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பண்ணைக்கு ஒரே வரி: இந்த நிலம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இரண்டையும் மேடையில் வாசிக்கவில்லை. வேறொருவர் எழுதிய மடலை வாசித்தார்கள்.

விழாவில் பெரியம்மா சனங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடைப் பக்கமும் செம்பைக் கொண்டு போனார். சால்வை போர்த்தியிருந்த பேரன் கையில் பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்.