ஊன்றுகோலோடு நடந்தவர்

சீடன்: ஐயா, சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறையைத் தொடங்கலாம் என்று நேற்றுச் சொன்னீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாவுக்கரசர் என்றால், கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோதும் கலங்காதவர். சுந்தரர் அப்படியா? பொன் கேட்கிறார், நெல் கேட்கிறார், அந்த நெல்லைத் தூக்க ஆளும் கேட்கிறார். கொடுத்த வாக்கை மீறுகிறார். தண்டனை வந்தால் சண்டை போடுகிறார். வாழ்நாளெல்லாம் இறைவனை நம்பி நிற்பதற்கு இவரிடமா பாடம் கற்பது?

குரு: உன் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, தம்பி?

சீடன்: அப்படியேதான் இருக்கிறார். வலது கை எழவில்லை. பேச்சும் வரவில்லை. ஏன் ஐயா கேட்கிறீர்கள்?

குரு: அவர் படுத்ததிலிருந்து நீ கோயிலுக்கு வருவதில்லை. அதனால்தான் ஏழாம் திருமுறையை எடுக்கச் சொன்னேன்.

சீடன்: சன்னதியில் நின்றால் கோபம் வருகிறது, ஐயா. அப்பா ஒரு பிரதோஷத்தைத் தவறவிட்டவர் இல்லை. அவருக்கு இப்படி ஆகலாமா? இந்த மனத்தோடு கும்பிடுவது பாவம் என்று ஒதுங்கிவிட்டேன்.

குரு: கோபம் வந்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒதுங்கினாய் பார், அதுதான் எனக்கு வருத்தம். சுந்தரர் கதை எங்கே தொடங்குகிறது? புத்தூர் மணப்பந்தலில். ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ என் அடிமை என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப்போடுகிறார், பித்தன் என்று ஏசுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மூல ஓலையை வைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள், பாட்டன் கையெழுத்துதான். வழக்கில் தோற்றுத்தான் அவர் தொண்டரானார். வன்மையாக வாதாடியதால் வன்தொண்டர் என்று பெயரே வந்தது. தன்னைப் பித்தன் என்று ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னானாம், கிழவராக வந்த இறைவன். சேக்கிழார் பெரியபுராணத்தில் இந்த இடத்தை எழுதும்போது எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. சுந்தரர் தேடிப் போய்ப் பிடித்த உறவா இது? அவருக்கு ஒன்றும் தெரியாத காலத்திலேயே ஓலை எழுதியாகிவிட்டது. கடைசிவரை நம்பி நிற்க நம்மால் முடியுமா என்று நீ உன் கையைப் பார்த்துக் கவலைப்படுகிறாய். நம் கை தளரும், தம்பி. ஓலை இருக்கிற கை தளராது.

சீடன்: அவன் விடமாட்டான் என்றால் நாம் எப்படி நடந்தாலும் சரியா? திருவொற்றியூரில் சுந்தரர் செய்தது அப்படித்தானே இருக்கிறது?

குரு: அங்கேதான் வரவேண்டும் என்று நினைத்தேன். சங்கிலியார் கன்னிமாடத்தில் இருந்து பூமாலை கட்டித் தொண்டு செய்தவர். அவரை மணக்க வேண்டுமானால், உன்னைப் பிரியேன் என்று அவருக்குச் சபதம் செய்துகொடுக்க வேண்டும். சுந்தரர் என்ன செய்தார்? நான் சன்னதியில் சபதம் செய்யும் நேரத்தில் நீ போய் மகிழ மரத்தடியில் இருந்துகொள் என்று இறைவனிடமே ஏற்பாடு பேசினார். இறைவன் சரி என்றான். பிறகு சங்கிலியாரின் கனவில் வந்து, சபதத்தை மகிழடியிலேயே கேள் என்று சொல்லிவிட்டான். சுந்தரருக்கு வேறு வழியில்லை, மகிழடியில் சபதம் செய்தார். வசந்த காலம் வந்தது. ஆரூர் நினைவும் அங்கே இருந்த மனைவி பரவையார் நினைவும் அவரை இழுத்தன. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின.

சீடன்: சுந்தரருக்குத் தோழன் என்று சொல்லிக்கொண்டு இறைவன் இப்படி மாட்டிவிடலாமா?

குரு: சங்கிலியார் பக்கம் நின்று பார். அவரும் அதே இறைவனை நம்பினவர்தான். அந்த ஏமாற்று ஏற்பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தோழன் என்பதற்காக இறைவன் சுந்தரருக்குச் சாதகமாக இருந்திருந்தால், அப்புறம் மாலை கட்டுகிற அந்தப் பெண் யாரை நம்புவது? வேண்டியவனுக்காக நீதியை வளைக்காத ஒருவனிடம்தான் நாமெல்லாம் நம்மை ஒப்படைத்திருக்கிறோம். உன் அப்பாவின் நோயைத் தண்டனை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அப்படிச் சொல்ல எனக்கோ யாருக்கோ அதிகாரம் இல்லை. சுந்தரருக்குக் காரணம் தெரிந்தது. உனக்குத் தெரியாது. காரணம் தெரியாத துன்பம் இன்னும் கனமானது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சீடன்: கண் போன பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு வேண்டும், ஐயா.

குரு: நடந்தார். ஒற்றியூரிலிருந்து ஆரூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழிகாட்ட ஆட்கள் கூட வந்தார்கள். வட திருமுல்லைவாயிலில் பாடினார், கண் வரவில்லை. திருவெண்பாக்கத்துக்குப் போனார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். எப்பேர்ப்பட்ட கேள்வி! கண்ணில்லாதவன் வாசலில் நின்று கேட்கிற கேள்வி. இருக்கிறோம், நீர் போம் என்று பதில் வந்தது. அயலான் பேசுவது போன்ற பதில். கூடவே ஒரு ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! அந்த ஊர் இன்று பூண்டி நீர்த்தேக்கத்தின் நீருக்கடியில் இருக்கிறது. 1944இல் கட்டி முடித்த அணை அது. கோயிலை இடம் மாற்றிப் பூண்டியில் வைத்திருக்கிறார்கள், சுவாமி பெயர் ஊன்றீசுவரர். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கும். சுந்தரர் கோபத்தில் வீசியெறிந்த கோல் பட்டு உடைந்தது என்று தலக்கதை சொல்கிறார்கள். பிறகு காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் வந்தது. வலக்கண் ஆரூர் போன பிறகுதான். அங்கேயும் அவர் குழைந்து கெஞ்சவில்லை, உரிமையோடு இடித்துரைத்தார்.

சீடன்: முடிவில் கண் வந்துவிட்டது. வராமலே போகிறவர்கள் எத்தனை பேர், ஐயா! அவர்களுக்கு இந்தக் கதை எதற்கு?

குரு: நாம் முடிவிலிருந்து படிக்கிறோம். காஞ்சியும் ஆரூரும் நமக்குத் தெரியும். வெண்பாக்கத்தை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு என்ன தெரியும்? கையில் இருந்த கோல் ஒன்றுதான். கண் திரும்பும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்த இருட்டில் அவர் எந்தத் திசையில் கால் வைத்தார் என்று பார். அவருடைய நம்பிக்கை முழுவதும் எனக்கு அந்த நடையில்தான் தெரிகிறது. ஏசிக்கொண்டே போனார், ஆனால் ஏசுவதற்கும் அவனிடமேதான் போனார். ஒரு கோயில் கைவிட்டால் அடுத்த கோயில், அங்கே இருப்பவனும் அவனே. உன் அப்பாவுக்குக் கை வரும், பேச்சு வரும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்தது போல ஆறுதல் சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் விலகியே இரு.

சீடன்: அப்படியானால் இந்தக் கோபத்தோடேயே வந்து நிற்கலாமா?

குரு: வா. வந்து கேள். கோல்தான் கிடைக்கிறது என்றால் அதை வாங்கிக்கொள். உங்கள் தெருவில் இரவில் வந்து அப்பாவைத் தூக்கிப் படுக்கவைக்கிற அந்தப் பையனையும், கடன் கொடுத்துவிட்டுத் தேதி கேட்காத உன் சித்தப்பாவையும் நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு, மறுபடியும் கேள். சுந்தரர் கோலோடு திருப்திப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை.

சீடன்: எந்தப் பதிகத்தில் தொடங்கலாம், ஐயா?

குரு: வெண்பாக்கத்துப் பதிகத்தில். பிழை செய்தால் பொறுப்பாய் என்று நம்பித்தானே செய்தேன், பொறுக்காமல் போனால் பழி உனக்கல்லவா என்று வாதாடுகிற பதிகம் அது. உன் கோபத்துக்கு அதில் தாராளமாக இடம் இருக்கும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பயிற்சி செய். அவருக்கு அது மனப்பாடம். நீ எங்காவது பண் தவறினால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.