மற்றொரு சிலம்பு இல்லாதவர்கள்: கல்வி வளாகங்களில் பாலியல் வன்முறையும் விசாரணை அறமும்

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரே வழக்கை இரு முறை எதிர்கொள்கிறான். முதல் முறை பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவனிடம் ஒன்றும் வினவாது கொலைக்கு ஆணையிடுகிறான். இரண்டாம் முறை, வாயிலில் வந்து நின்ற கண்ணகியை உள்ளே அழைத்து, அவள் கூற்றைக் கேட்டு, கோவலனிடம் பெற்ற சிலம்பை வருவித்து அவள்முன் வைக்கிறான். சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. மன்னனின் பிழையைப் பற்றித் தமிழாய்வில் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. கண்ணகியின் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது என்பதை அந்த அளவுக்கு நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அது இல்லாதிருந்தால் அவள் சொல்லுக்கு அந்த அவையில் என்ன மதிப்பு இருந்திருக்கும்?

கல்வி வளாகங்களில் பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் மாணவியரில் பலர் அவ்வாறு மற்றொரு சிலம்பு இல்லாதவர்கள். நெறியாளரின் அறை, ஆய்வகம், களப்பணிப் பயணம் ஆகிய இடங்களில் நிகழ்வது இருவர்க்கு மட்டுமே தெரியும். புகார் வந்தவுடன் நிறுவனம் கேட்கும் முதல் வினா, ‘ஆதாரம் உண்டா?’ என்பதாகவே இருக்கிறது. இவ்வினா தவறானதன்று, அது கேட்கப்படும் இடமே தவறானது. ஆதரவு, தண்டனை என்னும் இரண்டும் வெவ்வேறு அறங்களைச் சார்ந்தவை. தண்டனை மெய்ப்பிப்பை வேண்டுவது. ஆதரவு அதனை வேண்டாதது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே நம் நிறுவனங்கள் இரு தரப்பினர்க்கும் தீங்கிழைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் 1992இல் கூட்டு வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாக எழுந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகளே இத்துறையின் தொடக்கம். 2013இல் பணியிடச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் (2016இல் அறிவிக்கப்பட்டவை) மாணவர்களையும் அவ்வரம்புக்குள் வெளிப்படையாகக் கொணர்ந்தன. உள்ளகப் புகார்க் குழுவில் துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் போன்றோர் உறுப்பினராதல் கூடாது. மாணவர் தொடர்பான வழக்காயின், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் அதில் இடம்பெற வேண்டும்.

இவ்விதிகளில் என் கருத்தை ஈர்ப்பது இடைக்கால நிவாரணம் பற்றிய பகுதி. புகாரளித்தவர் வேண்டினால் வேறு பிரிவுக்கு மாற்றலாம். மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கலாம். எதிர்த்தரப்பினர் அவருடைய தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாவண்ணம் தடுக்கலாம். இவை யாவும் விசாரணை முடியும் முன்னரே செய்யத்தக்கவை. எவரையும் குற்றவாளி என இவை சொல்வதில்லை. ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்தும் பணி இழக்கப்படுவதால் ஓர் ஆசிரியரின் நற்பெயர் குன்றிவிடாது. அம்மாணவிக்கோ அதுவே படிப்பைத் தொடர்வதற்கும் கைவிடுவதற்கும் இடையிலான வேறுபாடாக அமையக்கூடும். இவ்வெளிய ஏற்பாட்டுக்குக்கூட, ‘முதலில் உண்மை தெரியட்டும்’ என்று மறுமொழி கூறும் நிர்வாகம் தான் நடுநிலை காப்பதாகக் கருதுகிறது. உண்மையில், ஏற்கெனவே இருக்கும் அதிகாரச் சமனின்மையை அது அப்படியே நிலைநிறுத்துகிறது.

அச்சமனின்மை முனைவர் பட்ட ஆய்வில் மிகக் கூர்மையானது. உதவித்தொகைக்கான மாதாந்தரக் கையொப்பம், ஆய்வேட்டின் ஒப்புதல், வாய்மொழித் தேர்வு, பின்னர் வேலைக்கான பரிந்துரை என எல்லாம் ஒருவரின் கையில் உள்ளன. குருவைத் தெய்வத்தோடு வைத்தெண்ணும் நம் மரபும் அக்கைக்கு வலுச்சேர்க்கிறது. நாளிதழ்த் தமிழில் நெடுங்காலம் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லையும் ஈண்டு நினைக்கலாம். குற்றம் புரிந்தவனை விடுத்து, எதையோ இழந்துவிட்டவளாகப் பெண்ணைச் சுட்டும் சொல் அது. சொல் மாறிவிட்டது, ‘வெளியே தெரிந்தால் உன் பெயர்தானே கெடும்’ என்னும் அறிவுரை மாறவில்லை.

எனவேதான் காலவரம்பு ஓர் அறச்சிக்கலாகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிகழ்வு நடந்த மூன்று மாதத்திற்குள் புகாரளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கொல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர்மீது ஓர் ஆசிரியை அளித்த புகாரில், கடைசி நிகழ்வு 2023 ஏப்ரலில் நடந்தது. புகார் அவ்வாண்டு டிசம்பரில் அளிக்கப்பட்டது. காலங்கடந்தது என்னும் முடிவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனினும், அத்தீர்ப்பைத் துணைவேந்தர் தம் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் எனவும் அது பணித்தது. விசாரணையே நடைபெறாத ஒரு குற்றச்சாட்டுக்கு வாழ்நாள் வடு. இம்முடிவு பலர்க்கு ஆறுதல் அளித்திருக்கலாம், எனக்கு அளிக்கவில்லை. உண்மை ஆராயப்பட வேண்டும் என்ற ஆசிரியையின் உரிமையும், ஆராயாது தண்டிக்கப்படலாகாது என்ற எதிர்த்தரப்பினரின் உரிமையும் ஒரே ஆணையில் விடுபட்டுப்போயின. ஓர் ஆசிரியைக்கே எட்டு மாதம் தேவைப்பட்டதெனில், பட்டம் கைக்கு வரும்வரை வாய் திறக்க இயலாத மாணவிக்கு எத்துணைக் காலம் வேண்டும்?

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அது நல்லெண்ணத்தில் பிறப்பது. கோவாப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்மீது 2009இல் மாணவியர் புகாரளித்தனர். குழு விரைந்து கூடி விரைந்து முடித்தது; 2010இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தம் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, வழக்கை மீண்டும் குழுவுக்கே அனுப்பியது. இடையே 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. சில வாரங்களை மிச்சப்படுத்த எண்ணிய அவசரம் அம்மாணவியர்க்கு என்ன தந்தது? மீண்டும் சாட்சி சொல்லும் நிலையைத்தான். எதிர்த்தரப்பினர்க்கு நோட்டீசும், வாக்குமூலப் படிகளும், மறுமொழிக்கான காலமும் தருவது அவர்மீதுள்ள பரிவால் அன்று. அவை இல்லாத முடிவு புகாரளித்தவரின் கையில் நிற்காது. குறுக்கு விசாரணை மாணவியை மேலும் காயப்படுத்தும் என்னும் அச்சம் மெய்யானதே. வினாக்களை எழுத்தில் பெற்றுக் குழுவே கேட்பது என்னும் நடைமுறை அதற்குப் பெரிதும் உதவும்.

அதே தீர்ப்பில், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றில் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளனவா எனச் சரிபார்க்குமாறு நீதிமன்றம் பணித்தது. சட்டம் வந்து 10 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறு பணிக்க வேண்டியிருந்தது என்பதை மேலும் விரித்துரைக்கத் தேவையில்லை.

எஞ்சுவது கடினமான நிலை. முறையாக விசாரித்தும் ஒன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை எனில் என்ன செய்வது? மெய்ப்பிக்க இயலாமை ஒன்றே பொய்ப்புகார் ஆகாது எனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வளாகமோ இரண்டே சொற்களை அறியும்: உண்மை, பொய். ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்னும் மூன்றாம் நிலையைத் தாங்கிக்கொள்ளும் மனப்பயிற்சி நம்மிடம் இல்லை. அந்நிலையில் எதிர்த்தரப்பினரைத் தண்டித்தல் கூடாது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் கூறும் இடைக்கால நிவாரணம் விசாரணை நிலுவையில் உள்ள காலத்திற்கு மட்டுமே உரியது. குழுவின் அறிக்கை வந்த மறுநாள் அம்மாணவி யாரிடம் ஆய்வேட்டைக் காட்டுவாள்? பழைய நெறியாளரிடமே திரும்பிச் செல்க எனத் துறை கூறுமாயின், மெய்ப்பிக்காமைக்கான தண்டனையை அவள்மீது சுமத்தியதாகிறது. நெறியாளர் மாற்றம் ஓய்வு, பணிமாறுதல், ஆய்வுத் தலைப்பு மாற்றம் எனப் பல காரணங்களுக்காகப் பல்கலைக்கழகங்களில் இயல்பாகவே நிகழ்கிறது. அப்பட்டியலில் ‘ஆய்வாளரின் வேண்டுகோள்’ என ஒரு வரியைச் சேர்த்து, காரணம் கேட்காமல் அதனை ஏற்கும் அதிகாரம் ஆய்வுக் குழுவுக்குத் தரப்படலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கல்விக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.